இரண்டு மில்லிமீட்டர்

இரண்டு மில்லிமீட்டர். பேனா தாளை விட்டு இரண்டே இரண்டு மில்லிமீட்டர் எழும்பினால் போதும், அதற்குமேல் நான் எதையும் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததிலிருந்து இந்தச் சனியன் எழும்ப மாட்டேன் என்கிறது. 'நல்வரவு' என்று எழுதச் சொன்னால் ந எழுதுகிறது, அழகாகத்தான் எழுதுகிறது, அப்புறம் அங்கிருந்து தாளை உழுதுகொண்டே போய் ல எழுதி, அதன் தலையில் புள்ளி வைக்கப் போகிற வழியிலும் ஒரு கோடு கிழித்து, வ, ர, வு என்று எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி, முடித்த பிறகு பார்த்தால் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி ஐந்து எழுத்தும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. இது பதினோராவது தாள். நாளைக்குக் காலையில் பத்து மணிக்குப் பாலிடெக்னிக்கில் கண்காட்சி. வருகிறவர்கள் தங்கள் பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்தால் மெஷின் அதைப் பேனாவால் எழுதிக் கொடுக்க வேண்டும், என் மூன்றாம் வருஷப் பிள்ளைகளின் திட்டம் இது. ரஹ்மத் நிஷாவும் இன்னும் மூன்று பேருமாகப் பழைய இரும்புக் கடையில் இரண்டு டிவிடி டிரைவைப் பொறுக்கி வந்து, உள்ளே தட்டை நகர்த்துகிற பாகத்தை உருவி, ஒன்று தாளை முன்னும் பின்னும் தள்ள, ஒன்று பேனாவைப் பக்கவாட்டில் கொண்டுபோக, அவ்வளவையும் அந்தப் பிள்ளைகளே சரியாகச் செய்துவிட்டார்கள். பேனாவைத் தூக்குவது மட்டும் வரவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெச்ஓடி வந்து நின்று பார்த்துவிட்டு, பேனாவைத் தூக்கத் தெரியாத மெஷினை எப்படிம்மா மேசையில் வைப்பது, கடையில் விற்கிற பாகத்தை வாங்கவும் இனி நேரமில்லை, பேசாமல் எடுத்துவிடுங்கள் என்றார். பிள்ளைகளுக்கு முகம் விழுந்துபோயிற்று. லேப் இன்ஸ்ட்ரக்டர் பகவதிக்கு வாய் சும்மா இருக்காதே. நான் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வைத்துச் சரிபண்ணிக் கொண்டுவருகிறேன் சார் என்று சொல்லிவிட்டது. இருபத்தாறு வருஷமாக இதே கதைதான். யோசித்து முடிப்பதற்குள் இந்த வாய் எதையாவது சொல்லிவிடும், பிறகு நான் அதன் பின்னால் ஓட வேண்டும்.

அதுவும் எந்த ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து சம்பந்திகள் வருகிறார்கள். என் வீட்டுக்காரர் இதற்குள் மூன்று தடவை வந்து மேசையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வீட்டில் பெரிய மேசை என்று இருப்பது இந்தச் சாப்பாட்டு மேசை ஒன்றுதான், அதுவும் ஹாலிலேயே இருக்கிறது, வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படும். வயரும் ஸ்க்ரூவும் கிழிந்த தாளும் பரந்து கிடக்கிற மேசை. "எப்பம் ஒழிப்ப, பகவதி?" என்று மூன்றாவது தடவை கேட்டார். ஒழிக்கிறேன் என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன், இரண்டரை. சர்வோவைக் கழற்றி மறுபடி மாட்டினேன். தீப்பெட்டியில் பாதி அளவு மோட்டார் அது, சொன்ன கோணத்துக்குத் தன் வெள்ளைக் கையைத் திருப்பி அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கையைப் பேனாவோடு சேர்த்து ஒரு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கிறேன், கை கீழே போனால் பேனா கீழே, கை மேலே போனால் பேனா மேலே, இதைவிட எளிதாக ஒன்றைச் சொல்ல முடியாது. ஆனால் கீழே போகும்போது தாளைக் குத்துகிறது. குத்தாமலிருக்க ஒரு பாகை குறைத்தால் பாதி எழுத்துக்கு மை படவில்லை. ஒரு பாகை கூட்டினால் அழுத்துகிற அழுத்தில் பேனாப் பிடி ஆடிப்போய், அந்த ஆட்டத்திலேயே மேலே போக வேண்டிய இரண்டு மில்லிமீட்டரும் தின்னப்பட்டுவிடுகிறது. குறைத்தால் குற்றம், கூட்டினால் குற்றம். உள்ளறையில் மகள் நீலவேணி புரண்டு படுக்கிற சத்தம், கட்டில் ஒரு தடவை முனகி அடங்கியது. தூங்கவில்லை. பதினாறு நாளாக அவள் தூங்குகிறாளா இல்லையா என்று அந்தக் கட்டில் சத்தத்தை வைத்துத்தான் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மோட்டார்களை ஓட்டுகிற சர்க்யூட் போர்டு அணைந்துவிட்டது. சிவப்பு விளக்கு போய் மறுபடி வந்து, எல்லாம் முதலிலிருந்து, ந. சர்வோ கையை அசைக்கிற நொடியில் போர்டுக்குப் போகிற மின்சாரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடுகிறது, போர்டு மயங்கி விழுந்து எழுந்து, எதுவுமே நடக்காத மாதிரி முதல் எழுத்திலிருந்து ஆரம்பிக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வயரைப் பிடுங்கினேன். அன்றைக்கும் இப்படித்தான், இல்லை, அன்றைக்கு ஆத்திரம் இல்லை, அவசரம். போன வருஷம் வைகாசி, பிராக்டிகல் பரீட்சை, வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் என் பக்கத்து நாற்காலியில், ஒரு பிள்ளைக்கு மீட்டர் வேலை செய்யவில்லை, அந்த நேரத்தில் போன். நீலவேணி அந்த நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. அம்மா, நான் வந்துரட்டுமா என்றாள். அவ்வளவுதான் கேட்டாள், ஒரு கேள்வி. குரல் அழுகிற குரலாக இல்லை. அதைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன், அழுதிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், அழாமல் கேட்டால் எப்படித் தெரியும். பரீட்சை நடக்கு நீலா, கொஞ்சம் பொறுத்துக்கோ, ஆடிக்கு அழைக்க வாரோம்லா என்றேன். கொஞ்சம் பொறுத்துக்கோ என்றால் பரீட்சை முடிகிற வரைக்கும் பொறுத்துக்கொள் என்றுதான் அர்த்தம். சாயங்காலம் நானே கூப்பிடுவதாகத்தான் நினைத்தேன். கூப்பிட்டேனா? சாயங்காலம் விடைத்தாள் கட்டி சீல் வைத்து, எக்ஸாமினரை பஸ் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து மாவாட்டினேன். மாவாட்டியது நினைவிருக்கிறது. கூப்பிட்டது நினைவில்லை. ஒருவேளை பரீட்சை வரைக்கும் என்று நான் சொல்லவே இல்லையோ. பொறுத்துக்கோ என்று மட்டும் சொன்னேனோ. அவள் காதில் அது எந்த அளவுக்கு விழுந்தது, ஒரு நாளுக்கா, ஒரு ஆயுளுக்கா. ஆடிக்குப் போய் அழைத்து வந்தபோது புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள், சிரித்தாள், நானும் கேட்கவில்லை, நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள்.

என் செல்போன் சார்ஜரின் வயரை அறுத்து சர்வோவுக்குத் தனியாகக் கொடுத்தேன், இரண்டுக்கும் கருப்பு வயரை மட்டும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றினேன். போர்டு இனி மயங்கவில்லை. ஒரு வியாதி தீர்ந்தது. பேனா இன்னும் எழும்பவில்லை. பழைய கதவுப் பூட்டிலிருந்து கழற்றிய காந்தச்சுருள் ஒன்று டப்பாவில் கிடந்தது, அதைப் போட்டுப் பார்த்தேன், டொக் டொக் என்று ஆசாரி ஆணி அடிக்கிற மாதிரி தாளில் ஓட்டை போட்டது, ஐந்து நிமிஷத்தில் தொட முடியாத சூடு. கழற்றிவிட்டு ரப்பர் பேண்ட். ரப்பர் பேண்ட் தூக்குகிறது, ஆனால் இறக்க விட மாட்டேன் என்கிறது. ஒரு பழைய பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங்கை எடுத்து மாட்டப் போனேன், அது விரலிலிருந்து துள்ளி ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. தரையில் மண்டியிட்டு ஸ்கேலை விட்டுத் துழாவினேன். தூசி, ஒரு காய்ந்த கறிவேப்பிலை, நீலவேணியின் ஹேர்பின் ஒன்று. இந்தப் பதினாறு நாளில் விழுந்ததா, கல்யாணத்துக்கு முன்னால் விழுந்ததா தெரியவில்லை. முன்னாலா பின்னாலா. எதைத் தொட்டாலும் அங்கேதான் போய் முட்டுகிறேன். பதினாறு நாளுக்கு முன்னால் காலை ஏழு மணி பஸ்ஸில் வந்து இறங்கி, தோளில் ஒரு பையோடு வாசலில் நின்றாள், இனி நான் போக மாட்டேன்மா என்றாள், அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. குளிக்கச் சொல்லி சோப்பை நீட்டினேன். வாங்க நீட்டிய கையில், மணிக்கட்டைச் சுற்றி, நாலு விரல் அகலத்துக்குப் பழுப்பாக. புதிது இல்லை, ஆறிக்கொண்டிருந்த நிறம். சுடிதார் கையைச் சட்டென்று இழுத்துவிட்டாள். சாப்பிட்டியா என்று கேட்டேன். மனுஷி கேட்கிற கேள்வியா அது. என்ன ஆச்சு என்று கேட்க எனக்கு எத்தனை நொடி ஆகும்? ஆனால் கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். சொன்னால் எப்போது ஆரம்பித்தது என்பதும் அதில் வரும். அந்த போனுக்கு முன்னாலேயே ஆரம்பித்திருந்தால் அவள் தப்பிக்கக் கேட்டபோது நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஆரம்பித்திருந்தால், நான் வா என்று சொல்லியிருந்தால் அது ஆரம்பித்தே இருக்காது. முன்னால் என்றாலும் நான், பின்னால் என்றாலும் நான். அதனால் சாப்பிட்டியா, தலை துவட்டினியா, காபி ஆறுது. பதினாறு நாளாக இதுதான் என் பேச்சு.

"ஸ்பிரிங்கையா தேடுத?" என்று மேலே குரல் கேட்டது. அவர்தான். சட்டை மாற்றி, திருநீறு பூசி, மூன்று மணிக்கே தயாராகிவிட்டார். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் எதற்குப் பயப்படுகிறாரோ அதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே தயாராகிவிடுவார், கூட்டுறவு பண்டகசாலையில் ஆடிட் வருகிற அன்றைக்கும் இப்படித்தான் விடியற்காலையில் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். கோபப்படக்கூடத் தோன்றவில்லை, மனுஷர் இந்தப் பதினாறு நாளில் இளைத்துப்போய்விட்டார், அவளுக்குப் பிடிக்கும் என்று தினமும் சாயங்காலம் எதையாவது வாங்கி வந்து அறை வாசலில் நின்று பிரித்துக் காட்டுகிறார். ஆனால் அவர்களை வரச் சொன்னதும் இவர்தான். பேசித் தீர்த்துவிடலாம் என்கிறார். எதைத் தீர்ப்பது என்று கேட்டால், எல்லாத்தையும்தான் என்கிறார். அவர்கள் பெரியவர்கள், தன்மையாக வருகிறார்கள், நாம் முகத்தில் அடிக்கக் கூடாது, மாப்பிள்ளைக்குப் புத்தி சொல்லி அனுப்பச் சொல்வோம், ஒரு ஆறு மாசம் தனிக்குடித்தனம் வைக்கச் சொல்வோம். ஆறு மாசம். எனக்கு வாயில் ஏதோ வந்து நின்றது, ஸ்கேலை ஃப்ரிட்ஜுக்கு அடியில் இன்னும் ஆழமாக விட்டேன். நான் என்ன சொல்வது நாலு மணிக்கு? பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும் என்று சொல்லலாம். பொய். அவளைக் கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்லலாம். அவளைத்தான் யாரும் கேட்கவில்லையே. உங்க மகன் என்ன செஞ்சான் என்று கேட்கலாம், அதற்கு அந்த அம்மா, ஏன், உங்க பிள்ளை உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா என்று திருப்பிக் கேட்டால்? பாலசுந்தர் என்கிற அந்தப் பையன் கல்யாணத்தன்று என் காலில் விழுந்து எழுந்து, அத்தை, கவலைப்படாதீங்க என்றான். நான் கவலைப்பட்டதாக யார் அவனிடம் சொன்னது.

சேலையைத் தட்டிவிட்டு எழுந்தபோது நீலவேணி தண்ணீர் எடுக்க வந்து நின்றுகொண்டிருந்தாள். நைட்டி, இரண்டு நாள் சீவாத தலை. ஃப்ரிட்ஜைத் திறக்க நான் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்பதே எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. பாட்டிலை எடுத்து, குடிக்காமல், மேசையைப் பார்த்தாள். எலக்ட்ரானிக்ஸ் படித்த பிள்ளை, கல்யாணத்துக்கு முன்னால் ஒன்றரை வருஷம் ஒரு கம்பெனியில் சர்க்யூட் பார்த்தவள், அந்த வேலையை விட்டால்தான் கல்யாணம் என்று அவர்கள் சொன்னபோது, தூரம்லா, தினம் போய் வர முடியாது என்று அவர்களுக்காக நான்தான் அவளிடம் பேசினேன். அதையும் இப்போது நினைக்க வேண்டுமா. கிழிந்த தாள்களில் ஒன்றை எடுத்துக் கயிற்றில் தொங்குகிற எழுத்துகளைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று பட்டது. உதடு லேசாகப் பிரிந்தது. இப்போது சொல்லிவிட்டால் என்ன செய்வது, இவர் வேறு பக்கத்தில் நிற்கிறார், முக்கால் மணி நேரத்தில் அவர்கள் வருகிறார்கள், அடுப்பில் பால்கூட வைக்கவில்லை. அந்தப் பயத்தில் என் வாய், என் பாழாய்ப்போன வாய், "தலையச் சீவு நீலா, ஆளு வாராவல்லா" என்றது. அவள் தாளை இருந்த இடத்திலேயே வைத்தாள். ஓரம் சரியாகப் பொருந்தும்படி வைத்தாள். பாட்டிலோடு உள்ளே போய்விட்டாள். அவர் என்னைப் பார்த்தார், திண்டாடிப்போய் வாசலுக்கு நடந்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போட்டிருப்பேன், அதற்கும் வழி இல்லை.

அந்த எரிச்சலெல்லாம் பேனா மேல்தான் திரும்பியது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, சர்வோவின் கையையும் பேனாப் பிடியையும் சேர்த்து முடுக்கிய ஸ்க்ரூவைக் கழற்றி எறிந்தேன். போ, எக்கேடோ கெட்டுப் போ. மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. பேனா பிடிப்பில்லாமல் சாய்ந்து தாளின் மேல் சும்மா கிடந்தது. கீழேயிருந்து சர்வோவின் கை எழும்பியது, எழும்பும்போது பேனாப் பிடியின் அடியில் இடித்து அதையும் கூடத் தூக்கியது. பேனா மேலே நின்றது. தட்டு நகர்ந்தது. கை இறங்கியது. பேனா தானாக விழுந்து, தன் கனத்திலேயே தாளில் படிந்து, கோடு போட்டது. குத்தவில்லை. நடுங்கவில்லை. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். அழுத்தவே தேவையில்லை, இவ்வளவு நேரமும் நான் அழுத்தியதுதான் கோளாறு, அதைத் தூக்க மட்டும் ஆள் வேண்டும், இறங்க அதற்குத் தெரியும். இருபத்தாறு வருஷ லேப் அனுபவம், இதைக் கண்டுபிடிக்கக் கோபம் வர வேண்டியிருக்கிறது. பாத்ரூமுக்கு ஓடி, ஊருக்குப் போகும்போது கொண்டுபோகிற பிளாஸ்டிக் சோப்பு டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தேன். அதன் மூடி கீலோடு சேர்ந்தே இருக்கும், பக்கவாட்டில் ஆடாது, மேலும் கீழும் மட்டும் திறக்கும். பேனாவைச் சுமந்து நகர்கிற தட்டில் டப்பாவைப் பசை வைத்து ஒட்டி, மூடியில் பேனாவைக் கட்டி, மூடிக்கு அடியில் சர்வோவின் கை வருகிற மாதிரி வைத்தேன். கை எழும்பினால் மூடி திறக்கிறது, பேனா எழும்புகிறது. ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், மூன்று மில்லிமீட்டர், கேட்டதற்கு மேலே ஒன்று. ந. இடைவெளி. ல. புள்ளி, தனியாக, யாரோடும் ஒட்டாமல். வ. ர. வு. ஐந்து எழுத்தும் வெள்ளைத் தாளில் தனித்தனியாக நின்றன. கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்க வேண்டிய நேரம் இது, ரஹ்மத் நிஷாவுக்கு போன் பண்ண வேண்டிய நேரம். எனக்கு ஒரு துளி சந்தோஷம் வரவில்லை. கடிகாரம் மூன்றே முக்கால். வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம். கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள், இதில்கூட நம்மை ஒரு நிலைக்கு வர விடமாட்டார்கள்.

இரண்டு பேர்தான் வந்தார்கள், சம்பந்தி தாணப்பனும் அவர் மனைவி சரோஜினியும். மாப்பிள்ளை வரவில்லை, ஞாயிற்றுக்கிழமையும் வேலையாம். பழம், மல்லிகைப் பூ, இனிப்பு டப்பா. சரோஜினி மைனி பூவைக் கையில் வைத்துக்கொண்டே, பிள்ளை எங்கே என்று கண்ணாலேயே வீட்டைச் சுற்றினார். தாணப்பன் மேசையைப் பார்த்து இது என்ன மெஷின் என்று கேட்டார், பாலிடெக்னிக் சமாச்சாரம் என்று இவர் அவசரமாகச் சொன்னார். காபி கொடுத்தேன். பேச்சு வெயிலில் ஆரம்பித்து, தாமிரபரணியில் தண்ணீர் இல்லாததைத் தொட்டு, கார் டிரைவருக்கு வந்து, ஒருவழியாக அதற்கு வந்தது. சரோஜினி மைனி குரலை ஒரு தடவையும் உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை, கத்தினால் நானும் கத்தலாம். ரெண்டும் சின்னஞ்சிறுசு, அவன் கோபக்காரன்தான், ஆனால் கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும், இவளும் கொஞ்சம் வாயை அடக்க வேண்டும், எந்த வீட்டில் இல்லை, நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் படாததா, நாள் நல்லாயிருக்கிறது, இன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம். இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், சம்மதம் என்று அல்ல, எதையாவது ஆட்ட வேண்டும் என்று. கோபம் வந்தால் கையைப் பிடிப்பானோ என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். அவர் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அவரும் பார்த்திருக்கிறார், அந்த மணிக்கட்டை. அவரும் பதினாறு நாளாகப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டிக்கொண்டு கேட்காமல் இருந்திருக்கிறார். மைனி சிரித்தார். புருஷன் பொண்டாட்டி கையைப் பிடிக்காமல் யார் கையைப் பிடிப்பது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, என் முழங்காலில் கையை வைத்து, தாய்க்காரி சொன்னால் பிள்ளை கேட்கும், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க என்றார்.

ஒரு வார்த்தை. இந்த இரண்டு மணி நேரமாக நான் சேர்த்து வைத்த வாக்கியம் ஒன்றும் வாயில் இல்லை. உடம்பு சரியில்லை என்பதும் இல்லை, கேட்டுச் சொல்கிறோம் என்பதும் இல்லை. அந்தக் கை என் முழங்காலில் கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அதை எடுத்து அவர் மடியிலேயே வைத்தேன். "மைனி, போன வருஷம் அவ எனக்கு போன் பண்ணி, வந்துரட்டுமான்னு கேட்டா" என்றேன். "என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல. பொறுத்துக்கோன்னு சொல்லி வச்சுட்டேன். தாய்க்காரி சொன்ன வார்த்த அதுதான். பிள்ளையும் கேட்டா, ஒரு வருஷம் கேட்டா. அது நான் செஞ்ச தப்பு. இன்னொரு தடவ சொல்ல மாட்டேன். அவ வர மாட்டா." குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது, லேபில் கெட்டுப்போன மீட்டரை ஓரமாக வைக்கச் சொல்கிற குரல். மைனி இவரைப் பார்த்தார். தாணப்பன் இவரைப் பார்த்தார். இவர் ஆட்டிக்கொண்டிருந்த தலையை நிறுத்தினார். இவர் ஒரு ஆறு மாசம் என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயந்தேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, காபி ஆறிட்டே, வேற போடச் சொல்லட்டுமா என்று சம்பந்தியிடம் கேட்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. ஆனால் அதற்குள் எல்லாம் இருந்தது, தாணப்பனுக்கு அது புரிந்தது, வேண்டாம் என்று எழுந்துகொண்டார். மைனி வாசலில் நின்று நிறையச் சொன்னார். வீட்டோடு வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், ஊர் என்ன சொல்லும், நாளைக்கு நீங்களே எங்கள் வாசலுக்கு வருவீர்கள். எனக்கு எல்லாம் காதில் விழுந்தது, ஆச்சரியமாக என் வாய் சும்மா இருந்தது. இனிப்பு டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள், பழத்தையும் பூவையும் விட்டுவிட்டார்கள். கார் போன பிறகு இவர் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் போனேன். போ, நான் வாரேன் என்று கையைக் காட்டினார்.

காபி டம்ளர்களைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனால் அங்கே நீலவேணி நிற்கிறாள். எப்போது வந்தாளோ, கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து. அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு திரைதான். தட்டை என் கையிலிருந்து வாங்கித் தொட்டியில் வைத்தாள், குழாயைத் திறந்தாள், ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், அடுத்ததைக் கழுவினாள். என்னைப் பார்க்கவில்லை. நைட்டியின் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டிருந்தாள், அந்தப் பழுப்பு இப்போது மஞ்சளாகிவிட்டது, அதை அவள் மறைக்கவும் இல்லை. நான் கழுவுகிறேன், நீ போய் இரு என்று சொல்ல வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அம்மா" என்றாள் டம்ளரைப் பார்த்து. "அன்னைக்கு நீ போன வச்ச பெறவு நான் என்ன செஞ்சேன்னு தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"சோறு வடிச்சேன். உல கொதிச்சிட்டிருந்துச்சு. நீ வான்னு சொல்லியிருந்தா அடுப்ப அணச்சுட்டு அப்படியே வந்திருப்பேன், பைகூட எடுத்து வச்சிருந்தேன். நீ சொல்லல. அதனால வடிச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை, போனில் கேட்ட அதே குரல்தான். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது என்னவென்று இப்போது தெரிந்தது, அழுகை தீர்ந்த பிறகு மிச்சமிருக்கிற குரல் அது. குழாயை மூடினாள். "மொதத் தடவ எப்பம்னு சொல்லட்டுமா?" என்று கேட்டாள், இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்து.

வாசலில் இவர் இருமினார். யாரோ தெருவில் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன், அவளும் எதிரில் உட்கார்ந்தாள், ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டாள். சொல்லு என்றேன். அவள் கல்யாணம் ஆன பன்னிரண்டாவது நாளிலிருந்து ஆரம்பித்தாள். வெளிச்சம் குறைகிற வரைக்கும் சொன்னாள். நடுவில் ஓர் இடத்திலும் நான் குறுக்கே பேசவில்லை.